கோலியோ வெள்ளை ஒயினும் மிஸ் ஓங்கின் மூக்கும்

எங்கள் ஹோட்டலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கூடி மதியச் சாப்பாடு சாப்பிடுவோம். இந்தத் தடவை ஒரு சிறு நினைவு மலரும் போடப் போகிறார்களாம். குணா போன் செய்தான். ஒயின் ஸ்டோரில் என்னோடு வெகுகாலம் இருந்தவன்.

"ராஜ் அண்ணே, ஒங்க பங்குக்கு ஒண்ணு எழுதுங்க. சிரிக்கிற மாதிரி இருக்கட்டும் லா. போன தடவ பேசுனவங்க எல்லாம் முட்டி வலியப் பத்தியே பேசிட்டு எறங்கிட்டாங்க."

"எதைப் பத்திடா எழுதறது?"

"இப்ப உள்ள பிள்ளைங்க கார்க்கையே சரியா பாத்ததில்ல. பாதிக்கு மேல திருகு மூடி. கெட்டுப்போன போத்தல மூக்க வச்சே கண்டுபிடிப்போம்னு சொன்னா நான் கத விடறேன்னு நெனைக்கறானுங்க. அத எழுதுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பாக ஒன்றும் வரவில்லை. மூக்கு என்றதும் எனக்கு மிஸ் ஓங்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அவரோடு சேர்ந்து அந்த இத்தாலிய வெள்ளை ஒயினும் வந்துவிடுகிறது. அதனால் குணா மன்னிக்கட்டும். எனக்கு வந்ததை எழுதுகிறேன்.

நான் பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். படிப்பு பாதியில் நின்றது. எனக்குத் தெரிந்த ஒரே ஒயின் கோயில் பூசையில் பாதிரியார் குடிப்பது. அதையும் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஹோட்டலில் முதலில் சலவைப் பகுதியில் சேர்ந்தேன். அங்கே மேரியக்கா என்று ஒருவர் இருந்தார். "மேசத் துணிய விரிச்சா போதும் தம்பி, யாரு சிந்துனாங்க, யாரு அழுதாங்க, எல்லாம் எனக்குத் தெரிஞ்சிரும்" என்பார். கறையை முகர்ந்து பார்த்து எந்தச் சோப்பில் ஊற வைப்பது என்று முடிவு செய்வது அவர் வழக்கம். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் பானப் பிரிவின் தலைவி மிஸ் ஓங் எதற்கோ கீழே வந்தார். என் கையில் ஒரு மேசைத் துணி இருந்தது. அதில் என்ன கறை என்று கேட்டார்.

"வெள்ளை ஒயின் மிஸ். ஆனா மர வாசம் வருது."

"என்ன மரம்?"

"சவப்பெட்டிக் கடைக்குள்ள போனா வருமே, அந்தப் புது மர வாசம்."

மேரியக்கா என் காலை மிதித்தார். மிஸ் ஓங்கின் அப்பா சவப்பெட்டிக் கடைக்காரர் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மிஸ் ஓங் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. துணியை வாங்கித் தானும் முகர்ந்தார்.

"சரிதான். அப்பா கடை வாசம்தான். நாளைக்கி மேல வா" என்றார்.

மலாய்க்கார நண்பர்கள் மதுவைத் தொட மாட்டார்கள். அதனால் ஸ்டோர் வேலை பெரும்பாலும் தமிழர்களுக்கும் சீனர்களுக்கும்தான் வரும். அப்படித்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். மற்றதெல்லாம் போத்தல் ஒட்டுத்தாளையும் அட்டைப் பெட்டியையும் படித்து நானாகக் கற்றுக்கொண்டது.

மிஸ் ஓங் தமிழ் பேசுவார். அவர் அப்பாவின் கடை லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் வேதக்காரக் குடும்பத்தார் பெட்டி வாங்க அங்கேதான் போவார்கள். கடைக்குள் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, அழுதுகொண்டு வந்தவர்களிடமிருந்தே தமிழைப் பிடித்திருக்கிறது. அதனால் அவருடைய தமிழில் இழவு வீட்டுச் சொற்கள் தாராளமாக இருக்கும். போத்தல்களை 'அவரு' என்றுதான் சொல்வார். கார்க்கில் பூசணக் கெடுதல் ஏறி ஒயின் வீணாகிப் போயிருந்தால், ஒரு முறை முகர்ந்துவிட்டு, "போயிட்டாரு" என்பார். ஸ்டோரில் எல்லோருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தக் கெடுதல் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஒயினின் வாசத்தைத்தான் தின்றுவிடும். மிஞ்சுவது மழையில் நனைந்த சாக்கு நாற்றம்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்பாகச் செய்தால், தன் கையிலிருக்கும் கிளாஸைக் காலி செய்து துணிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் திட்டு. "கத்திட்டாகூடப் பரவால்ல அண்ணே, அந்தக் கிளாஸ் கவுந்து கெடக்கறதப் பாத்தா சோறு எறங்க மாட்டேங்குது" என்பான் குணா. தலைக்கு வாசனை எண்ணெய் பூசி வந்ததற்காக அவனுக்கு அடிக்கடி கிளாஸ் கவிழும்.

போத்தல் திறப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. பயணம் செய்து வந்த பெட்டியை உடனே திறக்கக் கூடாது, களைப்பாறட்டும் என்பார். கழுத்துத் தகட்டைப் போத்தல் வாயின் விளிம்புக்குக் கீழே வெட்ட வேண்டும். வாயை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். கார்க் வெளியே வரும்போது சத்தம் வரக் கூடாது. கொஞ்சமாக ஊற்றி, கிளாஸை ஆட்டாமல் ஒரு தடவை முகர வேண்டும். ஆட்டிவிட்டு இன்னொரு தடவை. வாயில் வைத்துத் துப்ப வேண்டும். அதுவரை பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது. "நீ பேசாதே. அவரு மொதல்ல பேசட்டும்" என்பார். இன்னொருவன் சொல்லைக் கேட்டுவிட்டால் மூக்கு அந்தச் சொல்லைத்தான் தேடும் என்பது அவர் கணக்கு.

கோலியோ ஒயின் எங்கள் ஸ்டோருக்கு வந்ததே அவரால்தான். கோலியோ என்பது இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லொவேனியா எல்லையை ஒட்டியிருக்கும் மலைச்சரிவுகள். பின்னால் பனி மலை. முன்னால் கொஞ்ச தூரத்தில் கடல். அங்கே மண் என்று நாம் சொல்வது உண்மையில் பாறை. கையில் எடுத்து அமுக்கினால் பிஸ்கட் மாதிரி உதிரும். மழை பெய்தால் சரிவோடு கரைந்து இறங்கிவிடும். மறுபடி படி கட்டி மேலே ஏற்றுவார்களாம். அந்த மண்ணில் ஃப்ரியுலானோ என்று ஒரு வெள்ளைத் திராட்சை. அதன் ஒயினை ஓக் மரப் பீப்பாயில் அடியில் படியும் மண்டியோடு வைத்து, அவ்வப்போது கலக்கிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து எடுப்பார்கள்.

வெள்ளை ஒயின் என்றதும் பினாங்கில் எல்லோரும் ஐஸ் கேட்பார்கள். இதை அப்படிக் கொடுத்தால் வாசம் அடங்கிப்போய் மரக்கட்டையைக் கடித்த மாதிரி இருக்கும். காய்ச்சல் பார்ப்பதுபோல மிஸ் ஓங் போத்தல் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வெளிய நிக்கட்டும்" என்பார். குளிர் விடும்போது வாசம் ஒவ்வொன்றாக வரும். முதலில் புது மரம். பிறகு ஜாதிக்காய். பிறகு கச்சாங் பூத்தே வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த வறுத்த கடலை. குடித்து முடித்த பிறகு நாக்கில் பாதாம் தோலின் லேசான கசப்பு. எங்களில் யாரும் இத்தாலியைப் பார்த்ததில்லை. அதனால் பினாங்கில் கிடைக்கிற வாசத்தைத்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் சட்டம். மிஸ் ஓங் எத்தனையோ பெரிய ஒயின்களைத் தொட்டவர். ஆனால் இதை ஊற்றும்போது மட்டும் அவர் முகம் மாறும்.

பெருந்தொற்று வந்தது. ஹோட்டல் மூடிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது பாதிப் பேர் இல்லை. மிஸ் ஓங் திரும்பி வந்தார், இளைத்திருந்தார். அவருக்கும் நோய் வந்து போயிருந்தது என்று கேள்விப்பட்டோம். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சமையலறையில் பெலாச்சான் வறுக்கிற நாளில் ஸ்டோர் கதவு ஒரு விரல் அளவுகூடத் திறந்திருக்கக் கூடாது. அந்த இறால் வாடை கார்க் வழியாக உள்ளே போய்விடும் என்று மிஸ் ஓங் ஓடி வந்து சாத்துவார். ஹோட்டல் திறந்த கொஞ்ச நாளில், ஒரு காலையில், கதவு விரியத் திறந்து கிடந்தது. பெலாச்சான் வாடை மூக்கை அறுத்தது. மிஸ் ஓங் ஸ்டோருக்குள் நின்று கிளாஸை முகர்ந்துகொண்டிருந்தார். கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

குணா என்னைப் பார்த்தான். நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

பிறகு வெளியே வந்து குணா கேட்டான். "அண்ணே, மிஸ்ஸுக்கு வாசமே தெரியல போல. மேல தெரிஞ்சா என்னா ஆகும்?"

"என்னா ஆகும்னு ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப யாருக்கும் தெரியக் கூடாது. என் மூக்கு கண்ணாடி மாட்டத்தான் லாயக்கு. நீங்க பாத்துக்குங்க."

அப்போது கோலாலம்பூரில் தலைமை அலுவலகத்துக்கு முகுந்தன் என்று புதிய அதிகாரி வந்திருந்தார். ஒவ்வொரு ஹோட்டலுக்கும் தனியாக ஒயின் பொறுப்பாளர் தேவையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மிஸ் ஓங் படுக்கையில் கிடக்கும் அக்காவோடு தனியாக இருப்பவர். வேலைதான் அவருக்கு எல்லாம்.

அதனால் நான் பேச ஆரம்பித்தேன். போத்தலைத் திறக்கும்போதே முதலில் நான் முகர்ந்துவிடுவேன். ஊற்றிக்கொண்டே, ஏதோ எனக்கு நானே சொல்லிக்கொள்வதுபோல, "கடலை வாசம் தூக்குது மிஸ்" என்பேன். அவர் கிளாஸைத் தூக்கி முகர்வார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். "ஆமா. கடலை" என்பார். கெட்ட போத்தல் என்றால், "சாக்கு மாதிரி இருக்கோ" என்று இழுப்பேன். "போயிட்டாரு" என்பார். பக்கத்தில் நிற்பவன் பேசக் கூடாது என்ற சட்டத்தை நான் மீறுவதைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், வெளியில் சொல்லாமல் ஓட்டுகிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஸ்டோர் நன்றாகவே ஓடியது. கேண்டீனில் மிஸ் ஓங் சிரித்துப் பேசுவதைக்கூடப் பார்த்தோம்.

அந்த நிலையில்தான் எலேனா அம்மா வந்தார். நாங்கள் வாங்கும் கோலியோ ஒயினைச் செய்கிறவர். விதவை, கையெல்லாம் காய்ப்பு. முந்திய வருடம் ஆலங்கட்டி மழை தோட்டத்தை அடித்துப் போட்டதில் பீப்பாய்கள் பாதி காலி என்றார். ஊரைப் பற்றிக் கேட்டால் நிறையச் சொன்னார். போருக்குப் பிறகு எல்லைக் கோடு போட்டபோது சில குடும்பங்களுக்கு வீடு ஒரு நாட்டிலும் தோட்டம் இன்னொரு நாட்டிலுமாகப் போனதாம். "என் மாமனார் மூன்று நாட்டுக் குடிமகனாக இருந்தார், வீடு மட்டும் மாறவில்லை" என்றார். நான் இதைத் தமிழில் குணாவுக்குச் சொன்னேன். "நம்மாளுங்களுக்கு நேர் எதுரா இருக்கு அண்ணே, வீடு மாறிட்டே இருந்துச்சு, குடியுரிமைதான் வரல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. எலேனா அம்மாவின் ஒயினைத் தங்கள் எல்லா ஹோட்டல்களுக்கும் எடுப்பதா என்று தலைமை அலுவலகத்தார் அன்றைக்கு முடிவு செய்வதாக இருந்தார்கள். முகுந்தனும் வந்திருந்தார்.

"ராஜ், எதையும் முன்னாடியே தொறந்து வைக்காதீங்க. விருந்தாளிங்க கண்ணு முன்னாடி தொறக்கணும். மிஸ் ஓங்கே தொறந்து, மைக்ல பேசி, ஊத்தட்டும். பாக்க நல்லா இருக்கும்."

"ஒரு தடவ செக் பண்ணிட்டா நல்லது சார்."

"அவங்கதான் இருக்காங்களே, செக் பண்ண."

மிஸ் ஓங் முதல் போத்தலை எடுத்தார். தகடு, ஈரத்துணி, காய்ந்த துணி. கார்க் சத்தமில்லாமல் வந்தது. நான் துணியோடு இரண்டடி தள்ளி நின்றேன். மைக் அவர் பக்கம் இருந்தது. நான் முதலில் முகர்வதற்கு வழியில்லை. அவர் ஊற்றினார், முகர்ந்தார், ஆட்டினார், மறுபடி முகர்ந்தார். பேசத் தொடங்கினார். அத்தனை அழகாக அவர் பேசி நான் கேட்டதில்லை. உதிரும் பாறையைச் சொன்னார். பீப்பாயைச் சொன்னார். ஜாதிக்காயும் வறுத்த கடலையும் பாதாம் தோலும் ஒவ்வொன்றாக வருவதைச் சொன்னார். அறை அமைதியாக இருந்தது. எலேனா அம்மாவின் கிளாஸில் ஊற்றிவிட்டு, மற்றவர்களுக்கு ஊற்றச் சொல்லிப் போத்தலை என்னிடம் கொடுத்தார்.

போத்தல் என் கைக்கு வந்ததுமே தெரிந்துவிட்டது. ஈரச் சாக்கு. வேறு ஒன்றும் இல்லை.

எலேனா அம்மா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். நின்றார். மிஸ் ஓங்கைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அவருடைய ஒரு வருட உழைப்பு அந்த மேசைகளில்தான் இருந்தது. ஆனாலும் அவர் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

முதல் மேசையில் ஒரு பெண்மணி எனக்காகக் கிளாஸை நகர்த்தி வைத்தார். நான் ஊற்றவில்லை. திரும்பி மிஸ் ஓங்கிடம் போனேன். மைக்கைக் கையால் மூடிக்கொண்டேன்.

"மிஸ், இவரு போயிட்டாரு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. தன் கிளாஸை எடுத்து முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார். பிறகு அதைக் காலி செய்து துணிமேல் கவிழ்த்து வைத்தார். மைக்கில் ஆங்கிலத்தில், "தூரப் பயணத்தில் சில நேரம் ஒருவர் இறந்துவிடுகிறார். இதை உங்களுக்குக் காட்டத்தான் திறந்தோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த போத்தலையும் கார்க் திருகியையும் என் கையில் கொடுத்தார். "நீ தொற. நீ சொல்லு" என்றார்.

இரண்டாவது போத்தல் நன்றாக இருந்தது. மற்றவையும் நன்றாக இருந்தன. எலேனா அம்மாவின் ஒயினை எடுக்க முடிவு செய்தார்கள். முகுந்தன் என் முதுகில் தட்டி, "நல்ல ஐடியா லா. கெட்டது எப்படி இருக்கும்னு காட்டிட்டு நல்லது ஊத்தறீங்க. எல்லா ஹோட்டல்லயும் செய்யச் சொல்றேன்" என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மிஸ் ஓங்கின் வேலைக்கு ஓர் ஆபத்தும் வரவில்லை. அன்றைக்கு அந்தக் கணத்தில் எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது.

ஸ்டோரில் மிஸ் ஓங் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

"எப்போலருந்து தெரியும்?"

"பெலாச்சான் வறுத்த அன்னிக்கிருந்து மிஸ்."

"யாரு யாருக்கு?"

"எனக்கு. குணாவுக்கு. வேற யாருக்கும் இல்ல. நீங்க தெரிஞ்சுதான் விடறீங்கன்னு நெனச்சோம்."

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்பதுபோல. பிறகு மெதுவாகச் சொன்னார். இடையிடையே மலாயும் வந்தது. எனக்கு ஞாபகம் இருக்கிறபடி எழுதுகிறேன்.

"மொதல்ல ஒண்ணுமே இல்ல ராஜ். சொவத்த மோந்து பாத்த மாதிரி இருந்துச்சு. அப்பறம் ஒரு நாள் நீ கடலைன்னு சொன்னே. எனக்குக் கடலை வந்துச்சு. நெசமா வந்துச்சு. வீட்டுக்குப் போயி அக்காகிட்ட சொன்னேன், திரும்பி வருதுன்னு. அக்கா அழுதா. டாக்டர்கிட்ட சொன்னேன். தெனமும் மோந்து பழகணும்னு காப்பித்தூள் கிராம்புன்னு டப்பாவுல மருந்து மாதிரி குடுத்திருந்தாங்க, இனி வேணாம்னு நிறுத்திட்டேன்."

நான் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"வீட்ல மட்டும் வரல. ஸ்டோர்ல வருது, வீட்ல வரல. வீட்டுக் காத்துதான் சரியில்லன்னு நெனச்சேன். சன்னல்கூட மாத்தி வச்சேன்." பிறகு, "நீ நல்லதுதான் செஞ்சே" என்றார். அதை அவர் திட்டாகச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவரே முகுந்தனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வேலையை விட்டார். வேறு பிரிவில் மேசை வேலை தருவதாகச் சொன்னார்களாம்; வேண்டாம் என்றாராம். தன் இடத்துக்கு என் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். ஓய்வு பெறும் வரை அந்த இடத்தில் நான்தான் இருந்தேன். கோலியோ பெட்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன. நான் திறக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களைப் பேச விட்டதில்லை.

அவரைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சீனப் பெருநாளைக்கு முந்திய வாரம்தான், இந்தக் கட்டுரை விஷயமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு, ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். கடைவீட்டு மாடி. அக்கா இறந்துபோய்விட்டார் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. என் பேரோடயே எழுது" என்றார்.

நான் போன நேரம் அவருடைய பயிற்சி நேரம். மேசையில் சிறுசிறு டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தார். காப்பித்தூள், கிராம்பு, எலுமிச்சைத் தோல், இன்னும் ஏதேதோ. "இரு, முடிச்சிட்டு வரேன்" என்றார். முதல் டப்பாவைத் திறந்தார். காப்பித்தூள் வாசம் நான் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் வந்தது. அவர் கண்ணை மூடி, மூக்கருகே பிடித்துக்கொண்டு, காத்திருந்தார். முன்பு போத்தல் திறந்ததும் காத்து நிற்பாரே, அதே மாதிரி.

"இன்னிக்கி இல்ல" என்றார். மூடி வைத்துவிட்டு அடுத்த டப்பாவை எடுத்தார். கிராம்பு. அதுவும் எனக்கு நன்றாக வந்தது. நான் சன்னலைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னிக்கி இல்ல" என்றார்.